வானில் மூண்ட தீயா, மண்ணில் மூண்ட தீயா?

ஆர்வலர் ஒருவர் வீட்டுக் கொட்டகையில் தம் கையாலேயே கட்டிமுடித்த சிறு விமானம் எரிந்து விழுந்து, அதில் சென்றவர் மாண்டால், புலனாய்வாளர் முதலில் தீர்க்க வேண்டிய பிரச்சினை, அக்கினி ஆகாயத்தில் மூண்டதா, அன்றி விழுந்தபின் சிதறிய பெட்ரோலில் பற்றியதா என்பதே. ஏனெனில் இரண்டிலும் எஞ்சுவது கரிந்த கூடுதான்.

இதற்குச் சாட்சியம் உலோகத்திலேயே உண்டு. பறக்கையில் எரிந்திருந்தால், எதிர்க்காற்று புகைக்கரியையும் உருகிய அலுமினியத் துளிகளையும் இழுத்துச் சென்று வால்பகுதியில் படியவைத்திருக்கும். தரையில் எரிந்திருந்தால் கரி பெரும்பாலும் மேல்நோக்கிப் படர்ந்திருக்கும். மோதலில் மடிந்த தகடுகளையும் விரித்துப் பார்ப்பார்கள். பேராக்கின் பழைய தோட்டங்களில் ரப்பர் ஷீட்டுகளுக்குப் புகைபோட்ட கூடங்களை அறிந்த ஜெலாப்பாங் வட்டாரத்துப் பெரியவர்களுக்கு இது எளிதில் விளங்கும்: ஷீட்டுகள் ஒட்டிக்கிடந்த பாகத்தில் புகை ஏறாது. அவ்வாறே, மடிப்பின் உட்புறம் தூய்மையாக இருந்தால் தீ பிந்தியது என்றும், அங்கும் கரி படிந்திருந்தால் தீ முந்தியது என்றும் அனுமானிக்கலாம். மோதிய கணத்திலேயே இறந்தவரின் இரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு மிகுந்திருந்து, எஞ்சின் புகைக்குழாயில் கசிவும் இல்லையென்று உறுதியானால், அவர் வானிலேயே நெருப்புப் புகையைச் சுவாசித்தார் என்பது ஏறக்குறைய நிச்சயம்.

எஞ்சினுக்கும் விமானி அறைக்கும் நடுவே எஃகுத் தகட்டாலான தீத்தடுப்புச் சுவர் அமைத்து, அதில் குழாயும் கம்பியும் நுழையும் துவாரங்களை முறையாக அடைப்பதே வானில் மூளும் தீக்கு எதிரான முதற்காப்பு. தீயின் பயம் நியாயமானது. எனினும் அது வேறோர் அபாயத்துக்கு வழிவிடலாகாது. பர்ட் ருட்டன் வடிவமைத்த லாங்-ஈசி விமானம் ஒன்றைக் கட்டியவர், எரிபொருள் குழாய் அறைக்குள் வரலாகாதென்று கருதி, டாங்கியை மாற்றும் வால்வின் கைப்பிடியை, வரைபடத்தில் கண்டபடி விமானியின் கால்களுக்கிடையே வைக்காமல், அவருடைய இடது தோளுக்குப் பின்னால் பொருத்தினார். 1997 அக்டோபர் 12 அன்று பாடகர் ஜான் டென்வர் கலிஃபோர்னியக் கடலோரத்தில் அவ்விமானத்தோடு விழுந்து மாண்டார். அக்கைப்பிடியைத் திருப்ப முயன்றபோது கவனம் சிதறி, கால் சுக்கான் மிதியை அழுத்தியதே காரணமாயிருக்கலாம் என்பது அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் முடிபு.

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து ஒப்பந்தத்தின் 13ஆம் இணைப்பு, இத்தகைய விசாரணையின் நோக்கம் இனியொரு விபத்தைத் தவிர்ப்பதேயன்றிக் குற்றஞ்சாட்டுவதன்று என்று வகுத்திருக்கிறது. மலேசிய வான்விபத்துப் புலனாய்வுப் பணியகமும் அந்நெறியையே பின்பற்றுகிறது. சிறு விமானங்கள் தோட்டங்களிலும் விழுவதுண்டு: 2024 பிப்ரவரி 13 அன்று இருவரோடு ஒரு சிறு விமானம் விழுந்த இடம், காப்பாரின் செம்பனைத் தோட்டம். வானிலேயே தீப்பற்றிய விமானத்திலிருந்து தீயில் இற்று முதலில் கழலும் துண்டோ, விமானம் வந்த வழியில் வெகுதூரம் பின்தங்கிக் கிடக்கும். அது தோட்டத்தில் வேலை செய்வோர் கண்ணில்தான் முதலில் படும். அப்படியொன்றைக் கண்டால் எடுக்காதீர்கள், கரியைத் துடைக்காதீர்கள். இடத்தை அடையாளம் வைத்துக்கொண்டு உடனே போலீசாருக்குத் தெரிவியுங்கள்.