பவளமற்ற கடலுக்கும் பாதுகாப்பு

ஆஸ்திரேலியாவின் வடகிழக்குக் கரையையொட்டி ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளத்துக்குப் பரவியுள்ள கிரேட் பேரியர் ரீஃப், 1975ஆம் ஆண்டுச் சட்டத்தால் கடல் பூங்காவாகக் காக்கப்பட்டு வந்தபோதிலும், அங்கு மீன்பிடிப்பு முற்றிலும் விலக்கப்பட்ட பகுதி 2004 வரை ஐந்து சதவீதத்தைக்கூட எட்டவில்லை. அந்தச் சிறு பங்கும் பெரும்பாலும் பவளத்திட்டுகளுக்கே கிடைத்தது. ஆனால் 3,44,400 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள பூங்காவில் திட்டுகளின் பங்கு ஏழு சதவீத அளவுதான். எஞ்சியவை கடற்புல் வெளிகளும் சேற்றுப் படுகைகளும் கடற்பஞ்சுகள் செறிந்த தரைகளும் ஆழ்கடற் சரிவுகளுமே.

இவற்றை வேறுபடுத்துவது சூழல். பவள உயிரியின் திசுக்களுக்குள் வாழும் நுண்பாசிகள் ஒளிச்சேர்க்கையால் அதற்கு உணவளிப்பதால், ஆற்று வண்டல் கலந்து ஒளி குன்றும் கரையோர நீரில் கலங்கலைத் தாங்கவல்ல இனங்களே நிலைக்கின்றன. வடபகுதியிலோ, நாடாபோல் நீண்ட வெளித்திட்டுகளின் இடைவெளிகள் வழியே ஓதம் உட்புகும்போது, ஆழத்திலுள்ள குளிர்ந்த, ஊட்டச்சத்து மிக்க நீரும் மேலேறி வருகிறது. அந்நீரில் தழைக்கும் ஹலிமீடா என்னும் பச்சைப் பாசியின் சுண்ணாம்பு வில்லைகள் பல்லாயிரம் ஆண்டுகளாக உதிர்ந்து படிந்து, பத்து மீட்டருக்கும் மேற்பட்ட கனமுள்ள மேடுகளாகியுள்ளன. பவளத்தை மட்டுமே தேடுபவர் கண்ணுக்கு இவை படுவதில்லை.

ஒவ்வோர் இனத்தையும் எண்ணிக் கணக்கெடுப்பது இயலாத செயல் என்பதால், ஆழம், அலைவேகம், வண்டல், ஓதம் ஆகியவற்றோடு அறியப்பட்ட உயிரினப் பரவலையும் இணைத்து, பூங்காவை 70 உயிரின வட்டாரங்களாக, அதாவது ஒத்த சூழலும் ஒத்த உயிர்க்கூட்டமும் கொண்ட பகுதிகளாக, அறிஞர்கள் வகுத்தனர். அவற்றில் 40 பவளத்திட்டு அல்லாதவை. ஒவ்வொன்றிலும் குறைந்தது 20 சதவீதம் காக்கப்பட வேண்டும் என்பதை அளவுகோலாகக் கொண்டு வகுத்த திட்டம் 2004 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்ததும், மீன்பிடிப்பு விலக்கப்பட்ட பரப்பு 33 சதவீதமாயிற்று. இரண்டே ஆண்டுகளில் பல திட்டுகளில் களவாய் இன மீன்கள் பெருகின.

எனினும் சூழல் நிலைத்திருக்கும் என்பதே அத்திட்டத்தின் அடித்தளம். கோடையின் வழக்கமான உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடுதலான வெப்பம் நான்கு வாரம் நீடித்தாலே பவளம் தன் பாசிகளை வெளியேற்றி வெளிறத் தொடங்குகிறது. 2016இல் அவ்வெப்பம் வந்தபோது, மீன்பிடி விலக்கப்பட்ட திட்டுகளும் மற்றவற்றைப் போலவே வெளிறின. 2017, 2020, 2022, 2024 ஆகிய ஆண்டுகளிலும் அது திரும்ப வந்துவிட்ட நிலையில், வெப்பத்திலும் பெரிதும் குளிர்ந்தே இருக்கும் திட்டுகளை அடையாளங்கண்டு எல்லைகளைத் திருத்தி வரைவது தேவைதான். ஆனால் கரிம உமிழ்வைக் குறைக்காமல் அத்திருத்தம் மட்டும் போதாது.