வெருகு வாழும் காடு

திருக்கழுக்குன்றத்து வேதகிரியின் உச்சியில் நின்று நாற்புறமும் நோக்குவார்க்குப் பலவகை நிலங்கள் ஒருங்கே புலனாகும். அடிவாரத்தில் ஊரும் சங்குதீர்த்தம் என்னும் குளமும் விளங்கும். அவற்றிற்கு அப்பால் நெல்வயல்களும் ஏரிகளும் பரந்து கிடக்கும். ஏரிகளின் ஓரத்தில் கோரையும் சம்பும் செறிந்து நிற்கும். நீர் ஏறாத மேட்டு நிலங்களிலும் பாறைக் குன்றுகளின் சரிவுகளிலும் களாவும் காரையும் சூரையும் ஈச்சையும் புதர் புதராக மண்டியிருக்கும். வயலை உழவர் அறிவர். ஏரியை மீனவர் அறிவர். வயலும் புதரும் கூடும் இடத்தையும், கரையும் கோரையும் சேரும் இடத்தையும் கருத்தூன்றிக் காண்பவர் சிலரே. அவ்வெல்லை நிலங்களையே தன் வீடாகக் கொண்டு வாழும் விலங்கு ஒன்று உண்டு. அதுவே காட்டுப்பூனை.

பழந்தமிழர் இதனை வெருகு என்று வழங்கினர். தொல்காப்பியர் தம் நூலின் மரபியலில் இளமைப் பெயர்களைத் தொகுத்துக் கூறுமிடத்து, வெருகின் இளமையைக் குட்டி என்று வழங்கலாம் என விதி வகுத்துள்ளார். குறுந்தொகையில் ஒக்கூர் மாசாத்தியார் என்னும் பெண்பாற் புலவர் இரண்டு பாடல்களில் வெருகைக் குறித்துள்ளார். ஒன்றில், முல்லையின் சிறு மொட்டுகளுக்கு வெருகின் பற்களை உவமையாகக் கூறுகின்றார். மற்றொன்றில், மாலைப்பொழுதில் வேலியோரம் வெருகு வந்ததைக் கண்டு அஞ்சிய கோழி, தன் குஞ்சுகளைக் கூவி அழைக்கும் காட்சியைக் காட்டுகின்றார். வெருகு வருமிடம் வேலி, வரும்பொழுது மாலை. விலங்கு நூலார் இன்று ஆராய்ந்து கூறும் இவ்விரு செய்திகளையும் அப்புலவர் தம் கண்ணால் கண்டே அறிந்திருந்தார் போலும்.

காட்டுப்பூனை என்னும் பெயரைக் கேட்டதும், ஞாயிற்றின் ஒளி புகாத அடர்ந்த காட்டில் இது வாழும் என நாம் எண்ணிவிடலாகாது. மரங்கள் நெருங்கி வளர்ந்த மழைக்காட்டை இது பெரும்பாலும் விரும்புவதில்லை. தமிழில் காடு என்னும் சொல் பெருமரச் சோலையை மட்டும் குறிப்பதன்று. முல்லை நிலத்தின் புதர்வெளியும் காடே. வரகும் கேழ்வரகும் விளையும் புன்செய் நிலமும் காடே. இப்பொருளிற் கொண்டால், காட்டுப்பூனை என்னும் பெயர் இவ்விலங்கிற்குச் சாலப் பொருந்தும்.

இது வாழும் நிலப்பரப்பு மிகப் பெரிது. மேற்கே எகிப்து நாட்டு நைல் ஆற்றின் கழிமுகம் தொடங்கி, மேற்கு ஆசியா, நடு ஆசியா, இந்தியா, இலங்கை ஆகியவற்றைக் கடந்து, கிழக்கே தென்சீனம் வரையில் இது பரவியுள்ளது. 1776ஆம் ஆண்டில் கூல்டென்ஸ்டெட் என்னும் அறிஞர், காக்கேசிய மலைக்கு வடக்கே ஓடும் தெரெக் ஆற்றங்கரையில் கிடைத்த பூனையைக் கொண்டு இவ்வினத்தை முதன்முதலாக அறிவியல் உலகிற்கு விளக்கினார். இவற்றுள் பல நாடுகளில் நாணற்காடுகளும் சதுப்பு நிலங்களுமே இதன் உறைவிடங்கள். அதனால் இதனை நாணற்பூனை என்று அழைப்பாரும் உளர். ஓரிடத்தில் நாணலிலும், மற்றோரிடத்தில் முட்புதரிலும், வேறோரிடத்தில் கரும்புத் தோட்டத்திலும் ஒரே விலங்கு வாழ இயலுவது எங்ஙனம்? அதன் உடலமைப்பையும் வாழ்க்கை முறையையும் ஆராய்ந்தால் இதற்கு விடை கிடைக்கும்.

காட்டுப்பூனை நம் வீட்டுப் பூனையினும் பெரியது. தலையும் உடலும் சேர்ந்து ஏறத்தாழ 60 முதல் 75 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். வாலோ அந்நீளத்தில் மூன்றில் ஒரு பங்கே. கால்கள் நீண்டவை, ஆதலின் உயர்ந்த புல்லினூடே எளிதாக நடக்கும், புல்லிலிருந்து பறவை எழும்பினால் மேல்நோக்கித் தாவிப் பற்றும். செவிகள் நிமிர்ந்து அகன்றவை. அவற்றின் நுனியில் கருமயிர்க் கற்றை சிறிது காணப்படும். புல்லடியில் எலி ஓடும் மெல்லிய ஓசையையும் அச்செவிகள் வாங்கி உணர்த்தும். உடலின் நிறம் மணலையும் காய்ந்த புல்லையும் ஒத்தது. கோடையில் செம்மண் மேட்டில் இது அசையாது அமர்ந்திருப்பின், பத்தடி தொலைவில் செல்வோரும் காணாது கடந்துவிடுவர். காலிலும் வால்நுனியிலும் மட்டுமே கரிய வளையங்கள் தெரியும். குட்டிகளுக்கு உடலிலும் கோடுகளும் புள்ளிகளும் உண்டு. புதர்க்குள்ளே ஒளியும் நிழலும் கலந்த இடத்தில் கிடக்கும் குட்டிகளுக்கு அவை மறைப்பாக உதவுகின்றன. வளர வளர அவை மங்கிவிடும்.

பூனை நீருக்கு அஞ்சும் என்பர். காட்டுப்பூனையோ நன்கு நீந்தும். நீரில் பாய்ந்து மீனையும் பற்றும். ஏரியோரத்து நீர்ப்பறவையும் தவளையும் இதற்கு இரையாகும். மேட்டு நிலத்தில் எலி, முயல், ஓணான், பாம்பு, கௌதாரி ஆகியன இரையாகும். ஒன்று கிடையாவிடின் மற்றொன்றைத் தேடிக்கொள்ளும். உணவில் பிடிவாதம் இன்மையே இதன் பெருவலிமை எனலாம். எனினும், இவற்றுள் எலியே இதற்குத் தலையாய உணவு. இராசத்தானத்துச் சரிசுக்காக் காட்டில் நிகழ்ந்து 2004ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு, ஒரு காட்டுப்பூனை நாளொன்றுக்கு 3 முதல் 5 எலிகள் வரை பிடித்து உண்ணும் எனக் கணக்கிட்டது. நாளொன்றுக்கு 3 என்றே கொண்டாலும் ஓராண்டில் ஆயிரத்திற்கு மேலாகும். கூலி கேளாமல் வயலைக் காக்கும் காவலன் இதுவன்றோ!

உறைவிடத்தைத் தேர்வதிலும் இது இவ்வாறே நடக்கும். முள்ளம்பன்றியோ நரியோ கைவிட்ட வளை, மரப்பொந்து, கோரைப் புதரின் நடு ஆகிய எவ்விடமும் இதற்கு ஏற்றதே. சூலுற்று ஏறத்தாழ ஒன்பது வாரங்களில் பெண்பூனை குட்டிகளை ஈனும். பெரும்பாலும் மூன்று குட்டிகள் பிறக்கும். அக்குட்டிகள் எட்டு ஒன்பது திங்கள் வரையில் தாயோடு இருந்து வேட்டைத் தொழிலைக் கற்கும். மனிதர் நடமாட்டம் குறைந்த இடங்களில் இது பகலிலும் இரை தேடும். நடமாட்டம் மிக்க இடங்களில் அந்தியையும் வைகறையையும் தெரிந்துகொள்ளும். இடத்திற்கு ஏற்ப உணவையும், மனிதருக்கு ஏற்பப் பொழுதையும் மாற்றிக்கொள்வதால், ஊரின் அருகிலேயே இது வாழ முடிகிறது.

இத்தகைய இயல்புடைய பூனை பிற கண்டத்திலும் உண்டு. வட அமெரிக்காவில் பாப்கேட் என்னும் குட்டைவால் பூனை, கனடாவின் தென்பகுதி முதல் மெக்சிகோ வரையில் காடு, பாலை, சதுப்பு நிலம், ஊர்ப்புறம் ஆகிய எல்லா இடங்களிலும் வாழ்கின்றது. அதற்கும் செவி நுனியில் மயிர்க்கற்றை உண்டு. ஆனால் எல்லாப் பூனைகளும் இவ்வாறு பல இடங்களில் வாழ வல்லன அல்ல. நம் நாட்டு மீன்பிடிப் பூனை சதுப்பு நிலங்களையும் அலையாத்திக் காடுகளையும் பெரிதும் சார்ந்தது; நீர்நிலை அழிந்தால் அதுவும் அழியும். எங்கும் வாழ வல்ல காட்டுப்பூனைக்கு அத்தகைய இடர் இல்லை என்று தோன்றும். உண்மை அதுவன்று.

முன்னாளில் இதன் தோலுக்காக வேட்டை மிகுந்திருந்தது. 1979ஆம் ஆண்டில் ஏற்றுமதி தடைப்பட்டபோது, வணிகர் தம்மிடம் இருப்பதாகக் காட்டிய காட்டுப்பூனைத் தோல்கள் மட்டும் 3 இலட்சத்திற்கு மேற்பட்டிருந்தன. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தாலும் பின்வந்த தடைகளாலும் அவ்வணிகம் ஒடுங்கியது. இன்று இதற்கு நேரும் பெருங்கேடு வேறு. புதர்நிலத்தை நாம் தரிசு என்கிறோம். நடுவண் அரசு வெளியிட்ட தரிசுநில வரைபட நூலிலும் புதர்நிலம் தரிசின் வகைகளுள் ஒன்றாகவே இடம்பெற்றுள்ளது. தரிசு என்று பெயரிட்டபின், அதனை அழித்து மனையாக்குவதில் எவருக்கும் தயக்கம் எழுவதில்லை. ஏரியின் கோரை களையப்படுகிறது. உயிர்வேலி இருந்த இடத்தில் கம்பி வேலியும் சுவரும் எழுகின்றன. இரவும் பகலும் ஊர்திகள் விரையும் அகன்ற சாலைகள் புதர்நிலத்தைக் கூறு கூறாகப் பிளக்கின்றன. சாலையைக் கடக்கும் காட்டுப்பூனைகள் சக்கரத்தில் சிக்கி மடிகின்றன. நாய்க் கூட்டங்களும் இவற்றைக் கொல்கின்றன. அருகிவிட்ட இனமாக உலக அமைப்புகள் இதனை இன்னும் கருதவில்லை. எனினும் இதன் தொகை குறைந்து வருகிறது என்றே கூறுகின்றன. எந்நிலத்திலும் வாழக் கற்ற உயிர், புதரும் மறைவும் அற்ற நிலத்தில் வாழக் கற்கவில்லை.

மாணவர்களே! இவ்வுயிரைக் காப்பதில் உங்களுக்கும் பங்கு உண்டு. கரும்பு வெட்டும்போதும் புதர் நீக்கும்போதும் கோடிட்ட பூனைக்குட்டிகள் தனித்துக் கிடக்கக் காணலாம். அவற்றைத் தாயற்றவை எனக் கருதி வீட்டிற்கு எடுத்துச் செல்லுதல் தவறு. தாய் அருகில் மறைந்திருக்கும். ஆளரவம் அடங்கியபின் வந்து அவற்றைக் கவ்விச் செல்லும். குட்டிகளைத் தொடாமல் விலகி நிற்பதே நாம் செய்யத்தக்க உதவி. காட்டுப்பூனை கோழியைக் கவர்கிறது என்று வெகுள்வோரும் உண்டு. அந்தி சாயுமுன் கோழிகளைக் கூட்டில் அடைத்துத் தாழிட்டால் அவ்விழப்பு நேராது. வயலோரத்தில் இரண்டு முழம் அகலமேனும் புதரை விட்டுவைத்தால், எலியைத் தின்னும் காவலனுக்கு அஃது இல்லமாகும்.

வேதகிரியில் நண்பகலில் வந்து அமுதுண்ட இரு கழுகுகளால் இவ்வூரின் புகழ் நாடெங்கும் பரவியது. அவற்றைக் காண மக்கள் திரள் திரளாக மலையேறினர். சென்ற நூற்றாண்டின் இறுதியில் அவற்றின் வருகை நின்றுவிட்டது. பலரும் நாள்தோறும் நோக்கியிருந்த பறவைகளின் மறைவு எல்லார்க்கும் தெரிந்தது. எவர் கண்ணிலும் படாமல் வேலியோரத்தில் வாழும் வெருகு மறைந்தால், அதனை அறிவார் யார்? ஆதலின், அஃது உள்ள காலத்திலேயே அதன் காட்டை அறிந்து போற்றுதல் நம் கடன்.