மூச்சின்மீது வைக்கும் கவனம்

கண்டி மாநகரின் துப்புரவுப் பணிக்கெனப் பிரித்தானியர் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டோரின் வழித்தோன்றல்கள் வாழும் மஹய்யாவவில், இட நெருக்கடியோடும் வறுமையோடும் சாதிப் பழிப்பும் பதின்பருவத்தினரின் மனத்தை அழுத்துகிறது. இத்தகையோருக்குப் பரிந்துரைக்கப்படும் மனவிழிப்புப் பயிற்சி, அதாவது மூச்சையும் எழும் உணர்வுகளையும் நல்லது கெட்டது என்று தீர்ப்பிடாமல் கவனிக்கும் பழக்கம், பௌத்தத் தியான மரபில் வேர்கொண்டது. அம்மரபை மேலை உலகுக்கு விளக்கிய ஞானபோனிக தேரர் வாழ்ந்ததும் கண்டியின் உடவத்தகலைக் காட்டில்தான். சினத்தில் நெஞ்சு படபடப்பதையும் கைவிரல்கள் இறுகுவதையும் ஒரு பிள்ளை தானே கண்டுகொண்டால், கை ஓங்குவதற்கு முன் சிறிது அவகாசம் கிடைக்கிறது என்பதே இப்பயிற்சியின் அடிப்படை.

2004 ஆழிப்பேரலைக்குப் பின், வடகிழக்கு இலங்கையில் போராலும் கடலாலும் பாதிக்கப்பட்ட 8 முதல் 14 வயது வரையான 31 சிறுவருள் ஒரு சாராருக்குத் தியானமும் உடல் தளர்வுப் பயிற்சியும், மற்றோருக்குத் தம் துயர அனுபவங்களைக் கோவையாக எடுத்துரைக்கும் சிகிச்சையும் ஆறு அமர்வுகளில் அளிக்கப்பட்டபோது, ஆறு மாதங்களின் பின் முறையே 71, 81 சதவீதத்தினர் மனவடு நோயிலிருந்து மீண்டிருந்தனர். சிகிச்சை பெறாத ஒப்பீட்டுக் குழு இல்லாததால் இது உறுதியான சான்றாகாது எனினும், உள்ளூர் ஆலோசகர்களே இதை நடத்தினர் என்பது பெரிதும் நம்பிக்கை தருகிறது. மாறாக, 8,000க்கும் மேற்பட்ட பிரித்தானிய மாணவரிடம் நடந்து 2022இல் வெளியான ஆய்வில், வகுப்பு முழுவதற்கும் கற்பித்த மனவிழிப்புப் பயிற்சி வழமையான பாடத்தைவிடக் கூடுதல் பலன் தரவில்லை. மாணவர் வீட்டில் அதைப் பழகியதும் அரிது. தனித்து உட்கார இடமில்லாத குடியிருப்புகளில் அது இன்னும் கடினமாதலால், பயிற்சிக்கான இடத்தையும் நேரத்தையும் பாடசாலையோ சனசமூக நிலையமோதான் ஒதுக்க வேண்டும்.