சீர்வரிசையில் வந்த பழைய மிக்சி!

கல்யாணம் முடிந்து மூன்றாம் நாள். விடியற்காலை. புதுப்பெண் மாமியார் வீட்டுச் சமையல் அறையில் நின்றாள். இட்லிக்குச் சட்னி அரைக்க வேண்டும்.

சீராக வந்த மிக்சி, பெட்டியோடு மூலையில் இருந்தது. அதைப் பிரித்தாள்.

பெரிய ஜார் இருந்தது. நடு ஜார் இருந்தது. சட்னி ஜாரைக் காணோம்! பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினாள். உடைந்த தெர்மகோல் துண்டுதான் விழுந்தது.

நடு ஜாரின் மூடியைத் திறந்தாள். குப்பென்று மசாலா வாடை அடித்தது. மூடியில் இருந்த ரப்பர் வளையம் மஞ்சள் ஏறிக் கிடந்தது. யாரோ அதில் அரைத்திருக்கிறார்கள். ஒரு நாள் அல்ல, பல நாள்.

மாமியார் எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, உங்க வீட்டில் அரைத்துக்கொண்டிருந்ததையே கட்டிக் கொடுத்துவிட்டார்களா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனாலும் அந்தப் பெண் அன்று சாப்பிடவில்லை.

அவளுடைய தாயார் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறார். கணவர் இல்லை. பூக்கட்டிப் பிழைக்கிறவர். மகள் கல்யாணத்துக்கென்று மாதச் சீட்டுப் போட்டு, அதில் வந்த பணத்தில் கட்டில், பீரோ, மிக்சி, கிரைண்டர் எல்லாம் வாங்கினார். மிக்சி மட்டும் 4,200 ரூபாய்.

வாங்கும்போதே அவர், "பிரித்துக் காட்டுங்கள் தம்பி" என்று கடைப் பையனிடம் கேட்டிருக்கிறார்.

"சீருக்குத்தானே அக்கா? பிரித்த பெட்டியைச் சபையில் வைக்கலாமா? கம்பெனி ஒட்டியது அப்படியே இருக்கட்டும்" என்றான் அவன். அது நியாயமாகத்தான் பட்டது.

மகள் போன் செய்ததும் மிக்சியை வாங்கிக்கொண்டு கடைக்கு ஓடினார். அதே பையன் சொன்னான்:

"பிரித்த பெட்டியை எடுக்க மாட்டோம் அக்கா. ஜாரை வீட்டில் எடுத்து வைத்துக்கொண்டு வந்திருந்தால் எங்களுக்கு எப்படித் தெரியும்?"

வாங்கும்போது பிரிக்கக் கூடாது. பிரித்த பிறகு கொடுக்கக் கூடாது. அப்படியானால் எப்போதுதான் பார்ப்பது?

எங்கிருந்து வருகிறது?

கடைக்காரர் எல்லோரும் இப்படி என்று சொல்லிவிட முடியாது. அவர் பக்கத்துச் சங்கடத்தையும் பார்க்க வேண்டும். ஒருவர் மிக்சி வாங்குகிறார். சத்தம் அதிகம் என்று திருப்பிக் கொடுக்கிறார். இன்னொருவர் ஜார் ஒழுகுகிறது என்று கொண்டு வருகிறார். அவர்களுக்கு வேறு பொருள் கொடுத்தாகிவிட்டது. திரும்பி வந்தது கடையில் நிற்கிறது. கம்பெனி அதைத் திரும்ப எடுத்துக் கணக்குத் தீர்க்கும்வரை கடைக்காரரின் பணம் முடங்கிக் கிடக்கும். சில பொருளைக் கம்பெனி எடுப்பதும் இல்லை.

நாணயமான வியாபாரி என்ன செய்கிறார்? "இது ஒருவர் வாங்கித் திருப்பியது. விலையில் குறைத்துத் தருகிறேன், வேண்டுமா?" என்று கேட்கிறார். அதில் தவறே இல்லை. விவரம் தெரிந்து வாங்குகிறவருக்கு லாபம்கூட உண்டு.

இன்னொரு வகையார் துணியால் துடைத்து, டேப் ஒட்டி, மேல்தட்டில் ஏற்றிவிடுகிறார்கள். நாலு கேள்வி கேட்கிறவர் வந்தால் புதுப்பெட்டி இறங்கும். சீருக்கு என்று வந்தால் மேல்தட்டுப் பெட்டி இறங்கும். சீர்ப் பொருளைப் பல நாள் யாரும் பிரிப்பதில்லை. வாங்கியவரும் பிரிப்பதில்லை. வேறு ஊரில், வேறு வீட்டில், வேறு ஆள் பிரிக்கிறார். குறை தெரிந்தால் பழி கடைக்காரர் மேல் விழுவதில்லை. பெண் வீட்டார் மேல் விழுகிறது! பழைய பொருளைத் தள்ளிவிட இதைவிட வசதியான இடம் உண்டா?

பெட்டியே காட்டிக் கொடுக்கும்

பழைய பொருளைப் புதிது போலக் கட்டுவது எளிது. ஆனால் முழுதாக மறைப்பது கடினம்.

முதலில் டேப்பைப் பாருங்கள். ஒரு டேப்புக்கு மேல் இன்னொரு டேப் இருக்கிறதா? டேப்புக்கு அடியில் அட்டை உரிந்திருக்கிறதா? அடுத்து, மின்சார வயரின் முனையில் இருக்கும் பின்னைப் பாருங்கள். புதிய பின் பளபளவென்று இருக்கும். சுவரில் செருகிச் செருகி எடுத்ததில் கோடு கோடாகக் கீறல் விழும். ஜாரைத் துலக்கிவிடலாம், ரப்பர் வளையத்தில் ஊறிய மஞ்சளும் வாடையும் சுலபத்தில் போகாது. அதை முகர்ந்தே பாருங்கள். கடையில் முகர்ந்து பார்க்க வெட்கம் வேண்டியதில்லை. கொடுப்பது நம் காசு அல்லவா?

எல்லாவற்றையும்விட முக்கியமானது எண். மிக்சியின் அடியில் ஒரு சீட்டு ஒட்டியிருப்பார்கள். அதில் அந்த ஒரு மிக்சிக்கு மட்டும் உரிய எண் இருக்கும். பெரும்பாலும் அதே எண் பெட்டியின் மேலும் இருக்கும். இரண்டும் வேறு என்றால், அந்தப் பெட்டிக்குள் இருப்பது அந்தப் பெட்டியின் மிக்சி அல்ல. கிரைண்டர், டி.வி., குளிர்சாதனப் பெட்டி எதற்கும் இப்படிப் பார்க்கலாம்.

சபையில் வைக்கப் பெட்டி அழகாக இருக்க வேண்டுமா? கடையிலேயே பிரித்துப் பார்த்துவிட்டு, அவர்களையே புது டேப் ஒட்டித் தரச் சொல்லுங்கள். ஒரு முழம் டேப்புக்கு என்ன விலை?

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் 1986-ல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்குப் பதிலாக 2019-ல் புதிய சட்டம் இயற்றப்பட்டு, 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. பழைய பொருளையோ, ஒருவர் உபயோகித்ததையோ, பழுது பார்த்ததையோ புதியது என்று சொல்லி விற்பது முறைகேடான வியாபாரம் என்று இரண்டு சட்டமுமே சொல்கின்றன. பொருள் நன்றாக ஓடினாலும் குற்றம் குற்றந்தான்!

பில் தராமல் இருப்பதும் முறைகேடு என்று புதிய சட்டம் சேர்த்திருக்கிறது. குறையுள்ள பொருளை, பில்லில் போட்ட கெடுவுக்குள் திரும்ப எடுத்துப் பணம் தராவிட்டால் அதுவும் முறைகேடுதான். பில்லில் கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாள்.

புகார் சொல்ல 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். கட்டணம் இல்லை. தமிழிலேயே பேசலாம். அவர்கள் புகாரைப் பதிந்துகொண்டு சமரசத்துக்கு முயல்வார்கள். தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. அங்கே முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 2 வருஷத்துக்குள் போக வேண்டும். வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்பதில்லை. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணமும் இல்லை. கடை எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுக் கொடுக்கலாம். 3 மாதத்தில், பொருளைச் சோதனைக்கு அனுப்ப வேண்டுமானால் 5 மாதத்தில், முடிக்கப் பார்க்க வேண்டும் என்பது சட்டம். நடப்பில் அதற்கு மேலும் இழுப்பது உண்டு.

இன்டர்நெட்டில் வாங்குகிறவர்கள் கடையில் வைத்துப் பிரித்துப் பார்க்க முடியாது. அவர்கள் பார்சலைப் பிரிக்கும்போதே, பக்கத்தில் ஒருவரைச் செல்போனில் படம் பிடிக்கச் சொல்வது நல்லது. அத்தகைய விற்பனைக்கு 2020-ல் தனி விதிகள் வந்துள்ளன. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மாட்டேன் என்று விற்றவர் சொல்லக் கூடாது. புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

மொய் நோட்டில் இருந்த பில்

பூக்கட்டும் அம்மாளின் கதைக்கு வருவோம்.

அவர் பில்லை மொய் நோட்டுக்குள் பத்திரமாக வைத்திருந்தார். பிளஸ் டூ படிக்கும் மகன் மிக்சியைத் தலைகீழாகக் கவிழ்த்து எண்ணைப் படித்தான். பெட்டியில் இருந்த எண் வேறு! அவன் 1915-க்குப் போன் செய்தான். அம்மாள் கடைக்குக் கடிதம் எழுதினார்.

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. ஊர் ஊராகப் பெண்கள் இரவு வகுப்பில் எழுதப் படிக்கக் கற்றார்கள். சைக்கிள் ஓட்டவும் கற்றார்கள். அப்போது சின்னப் பெண்ணாக அந்த வகுப்பில் உட்கார்ந்தவர் இவர். கடிதத்தைத் தம் கையாலேயே எழுதினார். வாங்கிய தேதி, கொடுத்த பணம், இரண்டு எண்கள், இல்லாத ஜார் - அவ்வளவுதான் அதில் இருந்தது. தபாலில் சேர்த்து ரசீதும் வாங்கிக்கொண்டார்.

ஒன்பதாம் நாள் கடையிலிருந்து போன் வந்தது.

இந்தத் தடவை முதலாளியே முன்னால் நின்றார். புதுப்பெட்டியை அவரே பிரித்தார். மூன்று ஜாரும் இருந்தன. எண் ஒத்துப் போயிற்று. மிக்சியை ஓட்டியும் காட்டினார்.

மாமியார் வீட்டில் கேட்ட கேள்விக்கு மட்டும் எந்தக் கடையும் பதில் பொருள் கொடுக்க முடியாது. அதை அந்தத் தாயார் கடையில் பேசவும் இல்லை.

கிளம்பும்போது அவர் பழைய பெட்டியைக் காட்டினார்.

"இதை என்ன செய்வீர்கள்?"

"கம்பெனிக்கு அனுப்பிவிடுவோம் அம்மா" என்றார் முதலாளி.

அம்மாள் மகனிடம் ஸ்கெட்ச் பேனாவை வாங்கினார். பெட்டியின் நெற்றியில், தூரத்தில் இருந்தே தெரியும்படி, பெரிய எழுத்தில் எழுதினார்:

"பழசு. சட்னி ஜார் இல்லை."