அலை வராத நாளிலும்

2012 ஏப்ரல் 11 பிற்பகல், சுமத்ரா அருகே 8.6 அளவில் நிலம் நடுங்கியது. சுனாமி எச்சரிக்கை கேட்டதும் தமிழகக் கடலோரக் குப்பங்களில் பலர் போட்டது போட்டபடி மேட்டுப் பக்கம் ஓடினார்கள். பெரிய அலை வரவில்லை. அந்த ஓட்டத்தை யாரும் நோய் என்று சொல்லக்கூடாது. 2004 டிசம்பர் 26 சுனாமியைக் கண்டவர்களின் விவேகம் அது. எச்சரிக்கையே இல்லாத நாளிலும் ஒருவருக்கு மட்டும் அந்த அலை வந்துகொண்டே இருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

2004-இன் அந்த ஞாயிற்றுக்கிழமை, கடலூர் மாவட்டப் பிச்சாவரத்தில் சுரபுன்னைக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் பெரும்பாலும் தப்பின. கடலோரமாக இருந்த எம்.ஜி.ஆர். திட்டு என்ற ஊர் சிதைந்தது. காத்தது காடா, கடலுக்கும் ஊருக்கும் இடையிலான தூரமும் தரைமட்டத்தின் உயரமுமா என்று ஆய்வாளர்கள் பின்னர் வாதிட்டார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது பிழைத்தவர்களின் இரவுகள். கடுமையாகப் பாதிக்கப்பட்ட தமிழக மீனவக் கிராமம் ஒன்றைப் பற்றி 2007-இல் வெளியான ஆய்வு, 12.7 சதவீதம் பேருக்குப் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்த நோய் இருந்ததாகக் கண்டது.

ஆபத்தை மோப்பம் பிடிப்பது மூளையின் அமிக்டலா. நடந்ததை இடம், காலத்தோடு சேர்த்துப் பதிவதில் ஹிப்போகாம்பஸுக்குப் பங்குண்டு. இந்த நோயில் முன்னது ஓயாமல் உசுப்புகிறது, பின்னது தடுமாறுகிறது. அதனால் பழைய நினைவு இப்போதே நடப்பதுபோல் வருகிறது. தூக்கத்தில் அலறல், சின்னச் சத்தத்துக்கும் தூக்கிப்போடுவது, காரணமில்லாக் கோபம், 'பிள்ளை கைய விட்டுட்டேனே' என்ற குற்ற உணர்ச்சி, எதிலும் ஒட்டாத மனசு. இவை ஒரு மாதம் தாண்டியும் பிழைப்பைக் கெடுத்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கடல் பக்கமே போகாமலிருந்தால் அப்போதைக்கு நிம்மதிதான். ஆனால் இன்றைய கடல் வேறு என்று மூளை அறிந்துகொள்ள வாய்ப்பே கிடைக்காது. மீனவருக்குச் சோறும் போய்விடும். சிகிச்சை இந்த முடிச்சைத்தான் அவிழ்க்கிறது. பயிற்சி பெற்றவர் துணையோடு நடந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லி, பிறகு படிப்படியாகக் கரையை நெருங்குவது. தேவைப்பட்டால் செர்ட்ராலின் போன்ற மாத்திரையும் உண்டு. சாராயம் நோயை முற்ற வைக்கும்.

பேரிடர் நடந்த கையோடு 'சொல்லு, சொல்லு' என்று கிளறுவது தவறு. அப்போது வேண்டியது சோறு, தூங்க இடம், சொந்தபந்தம் இருக்குமிடம் பற்றிய தகவல். சுனாமிக்குப் பின் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் உள்ளூர் ஆட்களுக்கே மனநல உதவிப் பயிற்சி தந்தது மிகச் சரியான காரியம்.

பயந்த கோளாறு என்று மந்திரித்துத் தாயத்துக் கட்டினாலும் சரி, கட்டிக்கொண்டே மருத்துவரிடமும் போங்கள். கடலூர் அரசு தலைமை மருத்துவமனையிலும், சிதம்பரம் அண்ணாமலை நகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு உண்டு. டெலி மானஸ் மனநல உதவித் தொலைபேசியின் 14416 எண்ணில் 24 மணி நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். என்ன சொல்வதென்று தயங்க வேண்டாம். "அன்னைக்கு நடந்தது இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது, தூக்கம் வரல" என்றால் போதும், மீதியை அவர்கள் கேட்பார்கள். இரவில் அலறுவதைப் பார்த்த வீட்டு ஆள் ஒருவர் கூடப் போனால் நல்லது. இருபது வருஷம் கழித்துப் போனாலும் இந்தச் சிகிச்சை பலன் தரும்.