பத்துத் தந்தி, ஓர் உண்டியல்

புவேர்ட்டோ ரிக்கோ தீவின் செல்ல வாத்தியம் குவாட்ரோ. அந்தப் பெயருக்கு ‘நான்கு’ என்று பொருள், தந்திகளோ பத்து. 2017 செப்டம்பர் 20 அன்று மரியா புயல் புரட்டிப்போட்டதில் தீவு முழுக்கக் கரன்ட் போனது. கடைசி வீட்டில் விளக்கெரிய ஏறக்குறைய ஒரு வருடம் ஆனது. கீபோர்டும் ஆம்ப்ளிஃபயரும் ஊமையாகிப்போன அந்த இருட்டில் குவாட்ரோவுக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. மரத்தைக் குடைந்து செய்த அந்த வாத்தியம் கேட்பது இரண்டு கைகளைத்தான்.

மின்சாரம் வேண்டாத அக்கூஸ்டிக் இசைக்கும், அதை விற்றுத் திரட்டும் நிவாரண நிதிக்கும் இருக்கும் பொருத்தமே இந்த எளிமைதான். ஒரு அறை, நாலு மைக், ஒரு பகல் போதும், பாட்டு தயார். பதிவுச் செலவு குறையக் குறைய உண்டியலில் விழுவது கூடும். மூன்று ஜோடித் தந்தி கொண்ட கியூபாவின் ட்ரெஸ், மெக்சிகோ வெராக்ரூஸின் ஹரானா, ஒரு காலத்தில் அர்மடில்லோ ஓட்டில் செய்த ஆண்டிஸ் மலையின் சரங்கோ, ரியோவின் போசா நோவா கிதார் எல்லாம் ஒரே சிடி உறைக்குள் வந்துவிடும். பிரேசில்காரர் பாடுவது ஸ்பானிஷ் அல்ல, போர்த்துகீசியம். ஆனாலும் ‘லத்தீன்’ என்று ஒரே மூட்டையாகக் கட்டினால்தான் கடையில் விலைபோகும்!

இப்படி நிதி திரட்டிய பாட்டுகள் புதிதல்ல: பசித்த குழந்தைகளுக்காக 1985-ல் ‘கன்டாரே, கன்டாராஸ்’ பாட்டு; எய்ட்ஸுக்கு எதிராக 1996-ல், ‘மௌனம் = மரணம்’ என்று பொருள்படும் ஸ்பானிஷ் தலைப்போடு ஒரு லத்தீன் தொகுப்பு; மரியா அடித்த பதினாறாம் நாளே, புவேர்ட்டோ ரிக்கோவின் 78 ஊர்ப் பெயர்களையும் கோத்த ‘ஆல்மோஸ்ட் லைக் பிரேயிங்’ பாட்டு. இதில் எல்லாமே அக்கூஸ்டிக் அல்ல. ஆனால், பாட்டை உண்டியலாக்கும் வித்தை ஒன்றுதான்.

அந்த உண்டியலில்தான் இப்போது ஓட்டை. சிடி வாங்கிய காலத்தில், கல்லாவில் காசு வைத்த நொடியே உதவி முடிந்தது. கேட்டாலும் சரி, கேட்காவிட்டாலும் சரி. ஸ்ட்ரீமிங்கில் கேட்டால்தான் காசு. அதுவும் ஒரு தடவைக்கு ஒரு சென்ட்கூடத் தேறாது. ஒரு டாலர் சேர நூற்றுக்கணக்கான முறை ஓட வேண்டும். இணையம் வந்ததால் பாட்டு ஒரே நாளில் உலகைச் சுற்றுகிறதே என்பவர்கள் உண்டு. பாட்டு சுற்றுகிறது, பணம் சுற்றுகிறதா?

அதைவிடப் பெரிய நஷ்டம், தொகுப்பே சிதறிப்போவது. எந்தப் பாட்டில் யார் வாசித்தார், யாருக்காக வாசித்தார் என்று சொன்ன உள்தாள் இன்று இல்லை. பன்னிரண்டு பாட்டில் ஒன்றை மட்டும் உருவி ‘தூங்க உதவும் கிதார்’ என்ற பட்டியலில் செருகிவிடுகிறார்கள். புயலும் இல்லை, தீவும் இல்லை, வெறும் தாலாட்டு.

வாங்கி, பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் அலமாரியில் போட்டுவைத்த சிடி, யாரோ ஒருவரின் கூரைக்கு ஓர் ஆணியாவது தந்தது. நம்மை ராத்திரி முழுக்கத் தூங்கவைக்கும் அதே பாட்டு, இன்று அந்த ஆணியைக்கூடத் தருவதில்லை.