கல்யாணத் தகடும் காட்சித் தரமும்

பாபநாசத்திலிருந்து ஸ்ரீவைகுண்டம் வரை தாமிரபரணிக் கரையில் உள்ள எந்த ஊரிலும், வீட்டுப் பத்திரங்களும் ஜாதகக் கட்டுகளும் இருக்கிற அலமாரியில், ஒரு விவாகக் கேசட்டோ கல்யாண சிடியோ பத்திரமாக வைக்கப்பட்டிருப்பதைக் காணலாம். விஹெச்எஸ் கேசட்டுக்குப் பின் விசிடியும், அதன் பின் டிவிடியும், இப்போது ப்ளூரேயும் 4கேயுமாகப் பெயர்கள் மாறிவந்த ஒவ்வொரு கட்டத்திலும், ‘முன்னதைவிடத் தெளிவு’ என்ற வாக்குறுதியை நம்பிக் குடும்பத்தார் மறுபடி மறுபடி பணம் செலுத்தியிருக்கிறார்கள். அவ்வாக்குறுதியில் மெய் எவ்வளவு என்பதையும், அது பொய்த்துப் போனால் சட்டம் அளிக்கும் பரிகாரம் என்ன என்பதையும் வாடிக்கையாளருக்கு எடுத்துச் சொல்வார் அநேகமாக ஒருவரும் இல்லை.

1993இல் வகுக்கப்பட்ட விசிடியில், நம் தேசத்தில் வழங்கிய ‘பால்’ (PAL) தொலைக்காட்சி முறைப்படி, ஒரு பிம்பம் குறுக்கே 352, நெடுக்கே 288 புள்ளிகளால் ஆனது. அதாவது மொத்தம் ஒரு லட்சம் புள்ளிகளே. 1996இல் வெளிவந்த டிவிடியில் அது 720க்கு 576 ஆகி நான்கு லட்சத்தைத் தாண்டியது. 2006இன் ப்ளூரேயில் 1920க்கு 1080 ஆகி இருபது லட்சத்தையும், 2016இன் 4கே ப்ளூரேயில் 3840க்கு 2160 ஆகி எண்பது லட்சத்தையும் கடந்தது. பழைய குழாய்த் தொலைக்காட்சியின் சிறிய திரை விசிடியின் வறுமையை மறைத்துவிட்டது; இன்றைய ஐம்பது அங்குலத் திரையோ அதை ஈவிரக்கமின்றி வெளிப்படுத்துகிறது.

ஆயினும் புள்ளிகளின் எண்ணிக்கை பாதி விஷயந்தான். விநாடிக்கு எவ்வளவு தகவலைத் தகடு தருகிறது என்பதே மற்றப் பாதி. அதைப் பற்றி விளம்பரங்கள் பேசுவதில்லை. விசிடி காட்சிக்கென விநாடிக்குப் பதினொன்றரை லட்சம் பிட் தருகிறது. டிவிடி அதிகபட்சம் 98 லட்சமும், ப்ளூரே நான்கு கோடி வரையும் தரவல்லன. 4.7 ஜிபி கொள்ளும் ஒரு டிவிடியில் ஒரு மணி நேர நிகழ்ச்சியைப் பதிந்தால் அந்த உச்ச அளவை எட்டலாம். நிச்சயதார்த்தம் முதல் மறுவீடு வரையிலான நான்கு மணி நேரத்தையும் அதே ஒரு தகட்டுக்குள் திணித்தால், ஒலியையும் சேர்த்து விநாடிக்கு இருபத்தாறு லட்சம் பிட்தான் மிஞ்சும். மேலுறையில் ‘டிவிடி’ என்றிருப்பது சத்தியமாயிருக்க, உள்ளே படம் சதுரம் சதுரமாகச் சிதறுவது இதனால்தான். இதைக் கண்டுபிடிக்க நம் பக்கத்தாருக்கு ஓர் எளிய உபாயம் உண்டு: ஓடும் நீரைப் பாருங்கள். சுருக்கிப் பதியும் முறை, பெரும்பாலும் முந்தைய பிம்பத்துக்கும் அடுத்ததற்கும் உள்ள வேற்றுமையை மட்டும் எழுதிக்கொண்டு போவது. அருவியிலும் ஆற்றிலும் ஒவ்வொரு துளியும் கணந்தோறும் இடம் மாறுவதால், தகவல் போதாத தகடு அங்கேதான் முதலில் தோற்கிறது. அகஸ்தியர் அருவியின் முன்னே எடுத்த மணமக்கள் காட்சியும், ஹோமப் புகை எழும் மணமேடையும், அட்சதை தூவும் கணமும், முகத்தை மட்டும் காட்டும் காட்சியைக் காட்டிலும் நேர்மையான பரீட்சைகள்.

இனி, பழைய கேசட்டை ‘ஹெச்டி’யாகவும் ‘ப்ளூரே’யாகவும் மாற்றித் தருவதாகச் சொல்லும் விளம்பரங்களைப் பற்றி. விஹெச்எஸ் நாடாவில் பதிந்த பிம்பத்தின் நுணுக்கம் சுமார் 240 வரிகள் அளவே. நாழி அரிசியைக் கலத்தில் கொட்டுவதால் அது கல அரிசி ஆகிவிடாது. நிறத்தைச் சீர்செய்யலாம், இரைச்சலைக் குறைக்கலாம், அதற்குரிய கூலியும் நியாயமே. இல்லாத நுணுக்கத்தை மீட்டுத் தருவதாகச் சொல்லி வாங்கும் பணம் மட்டும் நியாயமானதன்று. கொடுத்த தகடு உண்மையில் எவ்வகை என்பதைக் கணினியில் இட்டு எவரும் சோதிக்கலாம். ‘எம்பெக்ஏவி’ என்ற கோப்புறை இருந்தால் அது விசிடி. ‘வீடியோ டிஎஸ்’ இருந்தால் டிவிடி. ‘பிடிஎம்வி’ இருந்தால் ப்ளூரே முறையில் ஆனது. ப்ளூரே என்று விலை வாங்கிய தகட்டில் வீடியோ டிஎஸ் மட்டும் இருக்குமானால், வேறு சாட்சியம் தேவையில்லை.

பலரும் அறியாத ஓர் உரிமையை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி, ஒருவருடைய கோரிக்கையின் பேரில், விலை பெற்றுக்கொண்டு எடுக்கப்படும் புகைப்படத்துக்கும் திரைப்பதிவுக்கும், மாறான ஒப்பந்தம் இல்லாதவரை, எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். ஆகவே உங்கள் வீட்டுக் கல்யாணப் படத்தை ஸ்டூடியோ தன் விளம்பரத்துக்காக யூடியூபில் ஏற்றுவதற்கு உங்கள் சம்மதம் வேண்டும். கேமராவில் பதிவான மூலக் கோப்புகளையும் நீங்கள் கேட்கலாம். ஆனால் உரிமை என்பது வேறு, கோப்பு கையில் கிடைப்பது வேறாதலால், மூலப் பதிவை வன்தட்டில் தரவேண்டும் என்பதையும், படத்தின் அளவு, தகட்டுக்கு எத்தனை மணி நேரம் என்பவற்றையும் முன்பணம் கொடுக்கும்போதே ரசீதில் எழுதி வாங்கிக்கொள்வதே விவேகம். மினி டிவி (MiniDV) நாடாக் கேமராவில் டிவிடிக்கு நிகரான புள்ளிகளோடு எடுத்த எத்தனையோ கல்யாணங்கள், விசிடியாக மட்டும் வீட்டாரிடம் வந்து சேர்ந்து, மூல நாடா மறுபதிவில் அழிந்துபோயின. அந்த நஷ்டத்தை இனி எந்த யந்திரமும் ஈடுசெய்யாது.

வாக்களித்த தரம் கிடைக்கவில்லையென்றால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் துணைக்கு வருகிறது. தரத்தைப் பற்றிப் பொய்யுரைப்பதும், ரசீது தர மறுப்பதும் அச்சட்டத்தின்படி முறையற்ற வணிக நடத்தைகள். முதலில் கடைக்காரருக்கு எழுத்து மூலம் தெரிவித்து, பயனில்லையேல் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். அதற்கும் இசையாவிட்டால் இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனுச் செய்யலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்கு உட்பட்டதாயின் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் வைத்தே தீரவேண்டும் என்பதும் இல்லை. படம் எடுத்த ஸ்தாபனம் சென்னையிலோ கொச்சியிலோ இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம் என்பது புதிய சட்டத்தின் பேருபகாரம்.

கடையில் வாங்கும் சினிமாத் தகடுகளைப் பற்றி ஒரு வார்த்தை. பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஏ பிரிவு, தயாரித்தவரின் பெயரும் முகவரியும், உரிமையாளரின் பெயரும் முகவரியும், தணிக்கைச் சான்றின் நகலும் காணப்பட வேண்டுமென்கிறது. இவையில்லாத தகடு பெரும்பாலும் திருட்டு விசிடியே. 2004ஆம் ஆண்டுத் திருத்தத்தால் தமிழ்நாட்டில் குண்டர் சட்டம் வரை சென்ற குற்றம் அது. தியேட்டர் திரையிலிருந்து திருடிப் படமெடுத்த பிம்பத்தில் தரம் தேடுவதும் வீண்.

தகட்டின் ஆயுளையும் கவனிக்க வேண்டும். வீட்டுக்கென எழுதப்படும் சிடி, டிவிடித் தகடுகளில் பிம்பத்தைத் தாங்குவது ஒரு சாயப்படலம். நம் ஊர் வெயிலும் புழுக்கமும் அதற்குப் பகை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில், காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, தாமிரபரணி கரை கடந்து வீடுகளுக்குள் புகுந்த வெள்ளம் போன்ற ஒன்றில் நனைந்த தகட்டை, சேறு காயுமுன் நல்ல நீரில் அலசி, மென்துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடைத்தால் பெரும்பாலும் மீட்கலாம். வட்டமாகத் தேய்த்தாலோ, விசிடியில் எழுத்துள்ள மேற்புறம் கீறினாலோ மீட்பது அரிது. கேசட் வைத்திருப்போர் இன்னும் விரைய வேண்டும்: உலகில் கடைசியாக விசிஆர் செய்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையிலேயே உற்பத்தியை நிறுத்திவிட்டது. பழுதான கருவிகளுக்கு உதிரி பாகம் கிடைப்பது ஆண்டுக்காண்டு அரிதாகிறது. ஆகையால் ஓடுகிற கருவி உள்ள இடம் தெரிந்தால் இப்போதே கொடுத்து, கணினிக் கோப்பாக மாற்றி, இரண்டு வெவ்வேறு வன்தட்டுகளில் இரண்டு வெவ்வேறு வீடுகளில் வையுங்கள். மாற்றியவர் சொன்னாலும் மூலக் கேசட்டைத் தூக்கி எறியாதீர்கள்.